தானே அழியும் செய்தி: எதைக் காக்கும், எதைக் காக்காது

கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டினம் பக்கத்து மகளிர் சுய உதவிக் குழு ஒன்றின் வாட்ஸ்அப் குரூப்பை எடுத்துக்கொள்வோம். கடன் விண்ணப்பத்துக்கு வேண்டும் என்று குழுத் தலைவி கேட்க, உறுப்பினர்கள் எல்லோரும் ஆதார் அட்டையையும் வங்கி பாஸ்புக்கின் முதல் பக்கத்தையும் படம் எடுத்து அந்த குரூப்பிலேயே போட்டுவிடுகிறார்கள். மறுநாள் குரூப்பின் நடுவில் சின்ன எழுத்தில் ஓர் அறிவிப்பு: இனி வரும் செய்திகள் 7 நாளில் மறைந்துவிடும். யாரோ ஓர் உறுப்பினர் டைமரை ஆன் செய்திருக்கிறார். "அப்பாடா, நம்ம ஆதாரெல்லாம் தானா அழிஞ்சிடும்" என்கிறார் ஒருவர். "இல்லக்கா, நம்ம குரூப்பை யாரோ ஹேக் பண்ணிட்டாங்க" என்கிறார் இன்னொருவர்.

இரண்டுமே சரியில்லை. டைமரை ஆன் செய்வது ஹேக்கிங் அல்ல. குரூப் அட்மின் தடுத்து வைக்காதவரை எந்த உறுப்பினரும் அதைச் செய்யலாம். ஆனால் ஆதார் படங்கள் அழியப்போவதும் இல்லை. டைமர், ஆன் செய்த பிறகு வரும் செய்திகளுக்கு மட்டுமே பொருந்தும். அதற்கு முன் போட்டவை அப்படியே கிடக்கும்.

தமிழ்நாட்டில் சுய உதவிக் குழுத் திட்டம் 1989-ல் முதலில் வேரூன்றியது பழைய தருமபுரி மாவட்டத்தில்தான். கிருஷ்ணகிரி அதிலிருந்து தனி மாவட்டமாகப் பிரிந்தது 2004-ல். அன்று நோட்டுப் புத்தகத்தில் இருந்த கணக்கும் விவரமும் இன்று போனுக்குள் வந்துவிட்டன. நோட்டு யார் வீட்டில் இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். போனில் போட்ட படம் எங்கெங்கே இருக்கிறது என்பது அனுப்பியவருக்கே தெரிவதில்லை. தானாக அழியும் செய்தி என்ற வசதியைச் சரியாகப் பயன்படுத்த வேண்டுமானால் அதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

பூட்டு வேறு, டைமர் வேறு

வழியில் யாரும் படிக்காமல் இருப்பது ஒன்று, போய்ச் சேர்ந்த பிறகு அங்கேயே தங்காமல் இருப்பது இன்னொன்று. பெரும்பாலோர் இவ்விரண்டையும் ஒன்றாகவே நினைக்கிறார்கள்.

முதலாவதுக்குப் பெயர் என்ட்-டு-என்ட் என்க்ரிப்ஷன். அனுப்பும் போனிலேயே செய்தி பூட்டப்படுகிறது. அதைத் திறக்கும் சாவி பெறுபவரின் போனில் மட்டுமே இருக்கும். நடுவில் இருக்கும் செல்போன் நிறுவனமோ, ஆப் நடத்தும் நிறுவனமோ உள்ளே இருப்பதைப் படிக்க முடியாது. வாட்ஸ்அப்பில் இது 2016 ஏப்ரல் முதல் எல்லாச் செய்திகளுக்கும் வந்துவிட்டது. யார் யாருடன், எப்போது பேசினார்கள் என்ற விவரத்தை மட்டும் இந்தப் பூட்டு மறைக்காது.

இரண்டாவதுதான் டைமர். செய்தி போய்ச் சேர்ந்து, பூட்டும் திறந்த பிறகு அந்தப் பிரதி எத்தனை நாள் இருக்கலாம் என்பதை அது தீர்மானிக்கிறது.

ஒன்று இருந்தால் மற்றது இருக்கும் என்று எண்ணக் கூடாது. வாட்ஸ்அப்பில் டைமரைத் தொடாதவருக்கும் பூட்டு உண்டு. டெலிகிராமில் சாதாரண சாட்டுக்கு ஆட்டோ டிலீட் வைத்துக்கொள்ளலாம், ஆனால் அந்தச் சாட்டுக்கு என்ட்-டு-என்ட் பூட்டு கிடையாது. அங்கே சீக்ரெட் சாட் என்று தனியாகத் திறந்தால்தான் பூட்டு. 'டெலிகிராம்னா ரகசியம்' என்ற எண்ணத்தோடு சாதாரண சாட்டில் பேசுபவர்கள் ஏராளம். அவர்களுக்கு இது கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்.

ஒரே படம், எத்தனை பிரதி?

ஓசூர் சிப்காட்டில் வேலை பார்க்கும் ஒருவர் தன் சம்பளச் சீட்டைப் படம் எடுத்து, பென்னாகரத்தில் இருக்கும் தம்பிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். டைமர் 24 மணி நேரம். அந்தப் படம் தங்கக்கூடிய இடங்கள் இவை:

1. அனுப்பியவரின் போன். இங்கே இரண்டு பிரதி: சாட்டுக்குள் ஒன்று, கேமராவில் எடுத்தபோது கேலரியில் விழுந்த மூலப் படம் ஒன்று. கூகுள் போட்டோஸ் ஆன் ஆகியிருந்தால் மூலப் படம் கூகுள் கணக்குக்கும் போயிருக்கும்.

2. வாட்ஸ்அப் சர்வர். தம்பியின் போனுக்குப் போய்ச் சேராதவரை செய்தி பூட்டிய நிலையில் அதிகபட்சம் 30 நாள் அங்கே காத்திருக்கும். சேர்ந்ததும் நீக்கப்படும்.

3. தம்பியின் போனில் அந்தச் சாட்.

4. தம்பியின் கேலரி. வரும் படங்கள் தானாகக் கேலரியில் சேமிக்கப்படும்படி அவர் போனில் இருந்தால், சாட்டில் மறைந்த பிறகும் கேலரியில் படம் நிற்கும்.

5. நோட்டிஃபிகேஷன். எழுத்துச் செய்தியாக இருந்தால் அதன் முதல் வரிகள் திரையின் மேலே காட்டப்படும். ஆண்ட்ராய்டு 11 முதல் நோட்டிஃபிகேஷன் ஹிஸ்டரி என்ற வசதி இருக்கிறது. அதை ஆன் செய்து வைத்திருப்பவர், கடந்த 24 மணி நேரத்தில் வந்து நீக்கப்பட்ட செய்தியின் முன்னோட்டத்தை அங்கே பார்த்துவிடலாம்.

6. பேக்கப். டைமர் முடிவதற்குள் தம்பியின் போன் பேக்கப் எடுத்துவிட்டால் அந்தச் செய்தி பேக்கப்புக்குள் போய்விடும். பிறகு அந்தப் பேக்கப்பைப் போனில் திரும்ப ஏற்றும்போது கெடு முடிந்த செய்தி நீக்கப்படும். அதுவரை பேக்கப் கோப்பில் இருக்கும்.

7. கணினி. தம்பி வாட்ஸ்அப் வெப்பில் திறந்து டவுன்லோடு கொடுத்திருந்தால் அங்கே ஒரு தனிக் கோப்பு.

8. இன்னொரு போனின் கேமரா. திரையைப் பக்கத்திலிருந்து படம் எடுத்தால் யாருக்கும் எந்த அறிவிப்பும் போகாது.

டைமர் அழிப்பது மூன்றாவதையும், முதலாவதில் சாட்டுக்குள் இருக்கும் பிரதியையும்தான். ஓர் ஆப்பால் தன் கட்டுப்பாட்டில் இருக்கும் பிரதியை மட்டுமே அழிக்க முடியும். கேலரிக்கும் டவுன்லோடு ஃபோல்டருக்கும் போனதை அது தேடிப் பிடிக்காது. 'அழிந்துவிட்டது' என்று நாம் நம்பும் படம் வெளியே வருவது பெரும்பாலும் 4-லிருந்தும் 7-லிருந்தும்தான். அதற்கு எந்த ஹேக்கரும் தேவையில்லை.

ஆப்புக்கு ஆப் என்ன வேறுபாடு?

இங்கே பெரும்பாலோர் கையில் இருப்பது வாட்ஸ்அப். அதனால் அதை விரிவாகப் பார்த்துவிடலாம்.

டிஸ்அப்பியரிங் மெசேஜஸ் என்ற இந்த டைமர் வசதி 2020 நவம்பரில் 7 நாள் கெடுவுடன் வந்தது. 2021 டிசம்பரில் 24 மணி நேரம், 90 நாள் என்ற தெரிவுகளும் சேர்ந்தன. கெடு, செய்தியை அனுப்பிய நேரத்திலிருந்து ஓடும். பெறுபவர் படிக்காவிட்டாலும் நேரம் வந்தால் மறைந்துவிடும். இருவர் சாட்டில் இருவரில் யார் வேண்டுமானாலும் ஆன் செய்யலாம், ஆஃப் செய்யலாம். மாற்றியது யார் என்று இருவருக்கும் தெரியும். மறையும் செய்தியை டைமர் இல்லாத இன்னொரு சாட்டுக்கு ஃபார்வர்டு செய்தால் அங்கே அது மறையாது. பெறுபவர் ஒரு செய்தியைத் தக்கவைக்க நினைத்தால் அதற்கும் 2023-லிருந்து வழி இருக்கிறது. ஆனால் அனுப்பியவருக்கு அறிவிப்பு போகும், அவர் மறுத்துவிடலாம்.

வியூ ஒன்ஸ் என்பது தனி வசதி. படம் அனுப்பும் இடத்தில் வட்டத்துக்குள் 1 என்று ஒரு குறி இருக்கும். அதை ஒவ்வொரு முறையும் தொட வேண்டும். மறந்தால் சாதாரணப் படமாகப் போய்விடும். 2021 ஆகஸ்டில் படத்துக்கும் வீடியோவுக்கும் வந்தது, 2023 டிசம்பரில் குரல் செய்திக்கும் நீண்டது. பெறுபவர் ஒருமுறை திறந்து மூடினால் போய்விடும். 14 நாள் திறக்காவிட்டாலும் போய்விடும். கேலரியில் சேராது, ஃபார்வர்டு ஆகாது, ஸ்கிரீன்ஷாட் எடுக்க ஆப் விடாது. ஆனாலும் இதை முழுக்க நம்பிவிட முடியாது. 2024 செப்டம்பரில் ஒரு பாதுகாப்பு ஆய்வுக் குழு, கணினியில் பிரவுசர் வழியாக இந்தத் தடையைத் தாண்டி வியூ ஒன்ஸ் படத்தைச் சேமிக்க முடிவதை வெளிப்படுத்தியது. அந்த ஓட்டையைப் பயன்படுத்தும் பிரவுசர் நீட்சிகள் அதற்கு முன்பே புழக்கத்தில் இருந்தன. மேலே சொன்ன எட்டாவது வழியோ எந்த மென்பொருளாலும் அடைக்க முடியாதது.

டெலீட் ஃபார் எவ்ரிஒன் இன்னும் வேறு. தவறி அனுப்பியதைச் சுமார் இரண்டரை நாளுக்குள் இருபக்கமும் நீக்க அது உதவும். அதற்குள் மற்றவர் பார்த்திருந்தால் பார்த்ததுதான்.

சிக்னல் ஆப்பில் டைமர் 2016-லிருந்து இருக்கிறது. சில நொடிகள் முதல் நான்கு வாரம் வரை வைக்கலாம். பெறுபவர் பக்கத்தில் கெடு, அவர் படித்த நேரத்திலிருந்துதான் ஓடத் தொடங்கும். இரண்டு நாள் போனைத் திறக்காதவருக்கும் செய்தி தவறாது. சிக்னல் நிறுவனம் பயனாளர் விவரத்தைச் சேர்த்து வைப்பதே மிகக் குறைவு. 2016-ல் அமெரிக்க நீதிமன்றம் ஒரு கணக்கைப் பற்றிய விவரம் கேட்டபோது, கணக்கு தொடங்கிய நேரத்தையும் கடைசியாக இணைந்த நாளையும் மட்டுமே அதனால் தர முடிந்தது. உண்மையிலேயே அந்தரங்கமான பேச்சுக்கு இதைத்தான் பரிந்துரைப்பேன்.

டெலிகிராமில் இன்னொரு முக்கியமான விஷயம் இருக்கிறது. 2019 மார்ச்சிலிருந்து, இருவர் சாட்டில் எவரும் எந்தச் செய்தியையும், ஏன் முழு உரையாடலையுமே, இருவர் போனிலிருந்தும் நீக்கிவிடலாம். 'இங்கே ஒரு செய்தி இருந்தது' என்ற தடம்கூட மிஞ்சாது. ஓசூரிலும் பெங்களூரிலும் வேலை தேடும் இளைஞர்களை 'வீட்டிலிருந்தே பார்ட் டைம் வேலை' என்று டெலிகிராமுக்கு இழுத்து, டெபாசிட் கட்டச் சொல்லி ஏமாற்றுபவர்களுக்கு இது மிகவும் வசதி. பணம் போன மறுநிமிடம் சாட்டே காணாமல் போகும்.

ஸ்னாப்சாட்டின் கதையையும் சுருக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தத் துறைக்கே அது ஒரு பாடம். பார்த்ததும் மறையும் படம் என்று சொல்லித்தான் அது 2011-லிருந்து வளர்ந்தது. படங்கள் மறையும் என்ற அந்த விளம்பரமே மக்களைத் தவறாக வழிநடத்தியது என்று 2014-ல் அமெரிக்க வணிக ஆணையம் குற்றம்சாட்டியது. வேறு ஆப்களைக் கொண்டு படத்தைச் சேமிக்க முடிந்தது. போனைக் கணினியில் சொருகி வீடியோ கோப்பையே எடுக்க முடிந்தது. நிறுவனம் சமரசத்துக்கு ஒப்புக்கொண்டது.

ஒருமுறை மட்டும் திறக்கும் இணைப்பு

ஆப் எதுவும் வேண்டாம், ஒரே ஒரு பாஸ்வேர்டை மட்டும் அனுப்ப வேண்டும் என்பவர்களுக்குப் பிரைவ்நோட் போன்ற தளங்கள் இருக்கின்றன. செய்தியைத் தட்டச்சு செய்தால் ஓர் இணைப்பு கிடைக்கும். அதை முதலில் திறப்பவருக்குச் செய்தி தெரியும், பிறகு அழிந்துவிடும். இத்தகைய தளங்களில் ஒழுங்காக அமைக்கப்பட்டவை செய்தியை உங்கள் பிரவுசரிலேயே பூட்டி, சாவியை இணைப்பின் கடைசியில் # குறிக்குப் பின்னால் வைக்கும். அந்தக் குறிக்குப் பின்னால் இருப்பதைப் பிரவுசர் சர்வருக்கு அனுப்பாது. அதனால் தளத்தை நடத்துபவர் கையில் இருப்பது பூட்டிய செய்தி மட்டும், சாவி இல்லை.

இதன் பெரிய பலன், யாராவது இடையில் திறந்திருந்தால் தெரிந்துவிடும் என்பது. உங்கள் அக்கா திறக்கும்போது 'ஏற்கெனவே படிக்கப்பட்டது' என்று வந்தால், வேறு யாரோ பார்த்துவிட்டார்கள். பாஸ்வேர்டை உடனே மாற்ற வேண்டும். போலித் தளங்களிடம் மட்டும் எச்சரிக்கை தேவை. பிரைவ்நோட்டின் பெயரோடு ஓர் எழுத்து கூடுதலாக வைத்த போலித் தளம் ஒன்று, செய்திக்குள் இருந்த பிட்காயின் முகவரியைத் தன் முகவரியாக மாற்றிப் பணத்தைத் திருப்பிக்கொண்டது 2020-ல் அம்பலமானது. தேடலில் முதலில் வரும் விளம்பரத்தைத் தொடாமல், முகவரியை எழுத்து எழுத்தாகப் பார்த்துத் திறக்க வேண்டும்.

ஜிமெயிலில் இருக்கும் கான்ஃபிடென்ஷியல் மோட் கெடு வைத்த மின்னஞ்சல்தான். அதில் என்ட்-டு-என்ட் பூட்டு இல்லை. ரகசியத்துக்கு அதை நம்ப வேண்டாம்.

யாரிடமிருந்து மறைக்கிறோம்?

டைமர் காப்பது பிற்காலத்தில் வரும் மூன்றாம் ஆளிடமிருந்து. செய்தியைப் பெறுபவரிடமிருந்து அது காப்பதில்லை. இந்த ஒரு வேறுபாடு பிடிபட்டுவிட்டால் மற்ற முடிவுகள் எல்லாம் தெளிவாகிவிடும்.

தருமபுரி பஸ் ஸ்டாண்டில் போன் தொலைகிறது. டிஸ்ப்ளே உடைந்த போனை லாக் நம்பரோடு சர்வீஸ் கடையில் இரண்டு நாள் விட்டுவைக்கிறோம். பழைய போனை விற்கிறோம், அல்லது தம்பி மகனுக்குப் பாடம் படிக்கக் கொடுக்கிறோம். இந்த இடங்களிலெல்லாம் டைமர் உண்மையான பாதுகாப்பு. ஆறு மாதத்துக்கு முன் அனுப்பிய ஏடிஎம் பின்னும், மருத்துவமனை ரிப்போர்ட்டும் அங்கே இருக்கவே இருக்காது. இல்லாததை யாராலும் எடுக்க முடியாது.

வீட்டுக்குள்ளேயே போனைப் பிடுங்கிப் பார்க்கும் நிலையும் இங்கே பரவலாக இருக்கிறது. சாதி கடந்து காதலிப்பவர்களுக்கும், கணவர் அடித்ததை அம்மாவிடம் மட்டும் சொல்லும் பெண்ணுக்கும், கம்பெனி ஹாஸ்டலில் நடக்கும் தொல்லையைத் தோழியிடம் சொல்லும் தொழிலாளிக்கும் ஒரு பழைய செய்தி உயிருக்கே ஆபத்தாக முடியலாம். தனிமனித ரகசியம் அரசியலமைப்பு தரும் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்திருக்கிறது. 'மறைக்கிறவள் தப்பு செய்கிறவள்' என்ற பேச்சுக்கு அந்தத் தீர்ப்பில் இடமில்லை, நம் வீடுகளிலும் இருக்கக் கூடாது.

பெறுபவரே நம்பத்தகாதவர் என்றால் கதை வேறு. இதற்கு 2025 மார்ச்சில் உலகமே பார்த்த ஓர் உதாரணம் இருக்கிறது. ஏமன் மீதான தாக்குதல் பற்றி அமெரிக்க அரசின் உயர் அதிகாரிகள் சிக்னல் குரூப்பில் பேசினார்கள். பூட்டு வலுவானது. டைமரும் இருந்தது. ஆனால் குரூப்பில் தவறுதலாக ஒரு பத்திரிகை ஆசிரியரைச் சேர்த்துவிட்டார்கள். செய்திகள் மறைவதற்குள் அவர் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தார், பிறகு அவை வெளியாயின. தொழில்நுட்பத்தில் ஒரு குறையும் இல்லை. உள்ளே இருக்கக் கூடாத ஓர் ஆள் உள்ளே இருந்தார், அவ்வளவுதான்.

காதலிப்பவர் கேட்கிறார் என்பதற்காக அந்தரங்கப் படம் அனுப்பும் இளம்பெண்களுக்குச் சொல்ல வேண்டியதும் இதுதான். 'வியூ ஒன்ஸ்லதானே அனுப்பற, என்ன பயம்?' என்று அவர் சொன்னால், பயத்துக்குக் காரணம் அப்படியேதான் இருக்கிறது. அவர் கையில் இரண்டாவது போன் இருக்கலாம்.

ஜெராக்ஸ் கடைக் கணினி

நம் ஊரில் அந்தரங்கத் தகவல் மிக அதிகமாகக் கசியும் இடம் காதல் சாட் அல்ல, ஜெராக்ஸ் கடை. பிரிண்ட் எடுக்க வேண்டும் என்றதும் கடைக்காரர் சுவரில் ஒட்டியிருக்கும் வாட்ஸ்அப் நம்பரைக் காட்டுவார். நாம் ஆதாரை அனுப்புவோம். அவர் கணினியில் வாட்ஸ்அப் வெப் திறந்திருக்கும். படத்தைத் தொட்டு டவுன்லோடு, பிறகு பிரிண்ட். அந்த டவுன்லோடு ஃபோல்டரை ஒருமுறை எட்டிப் பார்த்தால் புரியும்: ஆதார், ரேஷன் கார்டு, மதிப்பெண் பட்டியல், பட்டா, சாதிச் சான்றிதழ், தேதி வாரியாக வரிசையில் நிற்கும். கடைக்காரர் நல்லவராகவே இருக்கட்டும். நாளைக்கு அந்தக் கணினியை யார் தொடுவார்கள் என்பது அவர் கையிலும் இல்லை.

இங்கே டைமர் வைத்து அனுப்புவதால் பயனில்லை. டவுன்லோடு ஆனது ஆனதுதான். வியூ ஒன்ஸில் அனுப்பினால் பிரிண்ட்டே எடுக்க முடியாது. ஆதார் பிடிஎஃப்புக்கு இருக்கும் பாஸ்வேர்டும் காப்பாற்றாது. பெயரின் முதல் நான்கு எழுத்து, பிறந்த ஆண்டு என்ற அந்தச் சூத்திரம் எல்லா பிரௌசிங் சென்டருக்கும் மனப்பாடம்.

பயன் தருபவை வேறு:

1. முழு எண் தேவைப்படாத இடங்களுக்கு மாஸ்க்டு ஆதார் போதும். ஆதார் ஆணையத்தின் தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். முதல் 8 இலக்கம் மறைந்து கடைசி 4 மட்டும் தெரியும்.

2. பிரிண்ட் எடுத்ததும் அங்கேயே நின்று, 'அண்ணா, டவுன்லோடுல இருக்கறதையும் ரீசைக்கிள் பின்ல இருக்கறதையும் அழிச்சிடுங்க' என்று கேட்க வேண்டும். கேட்பதில் கூச்சம் வேண்டாம். அழித்துக் காட்டும் கடைக்காரர்கள் இருக்கிறார்கள்.

3. உங்கள் போனிலிருந்து டெலீட் ஃபார் எவ்ரிஒன் கொடுங்கள். சாட்டில் இருக்கும் பிரதியாவது போகும்.

4. ஆதார் பயோமெட்ரிக்கை லாக் செய்து வையுங்கள். எண் கசிந்தாலும் கைரேகை வைத்துப் பணம் எடுக்கும் மோசடி நடக்காது. ரேஷன் கடை போல கைரேகை தேவைப்படும் இடத்துக்குப் போகும் முன் திறந்துகொள்ளலாம்.

மகளிர் குழுத் தலைவிகளுக்கு: ஆவணங்களை குரூப்பில் கேட்காதீர்கள். ஒவ்வொருவரும் உங்களுக்குத் தனியாக அனுப்பட்டும். வேலை முடிந்ததும் சாட்டிலும் கேலரியிலும் நீக்குங்கள். குரூப்பில் போட்ட பாஸ்புக் படம் அத்தனை உறுப்பினர் வீட்டுப் போனிலும் இருக்கும். அந்தப் போன்களை வைத்துப் பிள்ளைகள் விளையாடுகிறார்கள்.

டைமர் வைக்கவே கூடாத இடம்

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மாந்தோப்பைப் பூ விடும் பருவத்திலேயே குத்தகை பேசிவிடுவது வழக்கம். பெங்களூரா ரகத்துக்கு என்ன விலை, முன்பணம் எவ்வளவு, மீதி எப்போது, மருந்துச் செலவு யாருடையது எல்லாம் இப்போது வாட்ஸ்அப்பிலேயே முடிகிறது. பேச்சு தொடங்கும்போது வியாபாரி 7 நாள் டைமர் வைத்துவிட்டால், அறுவடை வரும்போது விவசாயி கையில் ஒரு வரியும் இருக்காது. விலை விழுந்த ஆண்டில் 'நான் அப்படிச் சொல்லவேயில்லை' என்று அவர் சொன்னால் பதில் இல்லை. கூலி பேசும் மேஸ்திரியும், வேலை வாங்கித் தரும் ஏஜென்டும் இதே வகை. பணமும் வாக்குறுதியும் இருக்கும் சாட்டில் டைமர் இருக்கக் கூடாது. எதிராளி ஆன் செய்தால் நீங்கள் ஆஃப் செய்யலாம். ஆஃப் செய்தபின் 'பேசின விலையை இன்னொரு முறை எழுதுங்க' என்று கேளுங்கள். எழுதத் தயங்கினால் ஒப்பந்தத்தையே யோசிக்க வேண்டும்.

முன்பின் தெரியாதவர் பேசத் தொடங்கியதும் டைமர் வைப்பது மோசடியின் அறிகுறியாக இருக்கலாம். போலீஸ், சிபிஐ என்று சொல்லி வீடியோ காலில் 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று மிரட்டுபவர்களும் மோசடிக்காரர்கள்தான். இந்தியச் சட்டத்தில் அப்படி ஒரு கைதே கிடையாது.

முதன்முறை அமைப்பவருக்கு

வாட்ஸ்அப்பில் ஒரு சாட்டைத் திறந்து மேலே இருக்கும் பெயரைத் தொட்டால் டிஸ்அப்பியரிங் மெசேஜஸ் என்று ஒரு வரி இருக்கும். அங்கே கெடுவைத் தேர்ந்தெடுக்கலாம். அதோடு நிறுத்தினால் பாதி வேலைதான். மீதி இவை:

1. அதே பக்கத்தில் மீடியா விசிபிலிட்டியை நோ என்று வையுங்கள். அந்தச் சாட்டின் படங்கள் உங்கள் கேலரியில் சேராது. மற்றவர் போனிலும் இதைச் செய்யச் சொல்லுங்கள்.

2. போன் செட்டிங்ஸில் லாக் திரையில் செய்தி உள்ளடக்கம் தெரியாதபடி மாற்றுங்கள்.

3. லிங்க்டு டிவைசஸ் பக்கத்தைத் திறந்து பாருங்கள். உங்களுக்குத் தெரியாத கணினி அங்கே இருந்தால் உடனே லாக் அவுட் கொடுங்கள். சில நிமிடம் போன் கிடைத்தவர் க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து, உங்கள் எல்லாச் செய்தியையும் தன் கணினியில் படித்துக்கொண்டிருக்க முடியும். டைமர் வைத்ததெல்லாம் அப்போது வீண்.

4. சாட் பேக்கப்புக்கும் என்ட்-டு-என்ட் பூட்டு போடுங்கள். பாஸ்வேர்டை மறந்தால் பேக்கப் திரும்பக் கிடைக்காது. அதைத் தாளில் எழுதி வையுங்கள்.

5. அந்தரங்கமான சாட்டை சாட் லாக் போட்டு மறையுங்கள்.

மிரட்டல் வந்தால்

வியூ ஒன்ஸிலும் டைமரிலும் மிரட்டுபவர் நம்புவது, உங்களிடம் ஆதாரம் இருக்காது என்பதைத்தான். டைமர் ஓடும் செய்தியை உடனே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். வியூ ஒன்ஸாக இருந்தால் திறக்கும் முன் இன்னொரு போனைத் தயாராக வைத்து, அனுப்பியவர் எண்ணும் நேரமும் தெரியும்படி திரையை வீடியோ எடுங்கள். கோபத்தில் பிளாக் செய்து சாட்டை அழித்துவிடாதீர்கள். செய்தி வந்த மூலப் போனை மாற்றாமல் வைத்திருங்கள். மின்னணு ஆதாரத்தை நீதிமன்றத்தில் ஏற்க, சாட்சியச் சட்டமான பாரதிய சாக்‌ஷ்ய அதிநியமின் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழ் வேண்டும். வெறும் பிரிண்ட் போதாது.

அந்தரங்க உறுப்புகள் தெரியும் படத்தை ஒப்புதல் இல்லாமல் எடுப்பதும் பரப்புவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66இ பிரிவின்படி குற்றம். மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய்க்கு மிகாத அபராதம், அல்லது இரண்டும். குற்றங்களுக்கான தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆம் பிரிவு இன்னும் ஒரு படி போகிறது. படம் எடுக்க ஒரு பெண் சம்மதித்திருந்தாலும், மற்றவருக்குக் காட்ட சம்மதிக்கவில்லை என்றால் அதைப் பரப்புவது குற்றமே. 'நீதானே அனுப்பின' என்று காவல் நிலையத்தில் யாராவது சொன்னால் இந்தப் பிரிவைச் சொல்லுங்கள். 18 வயது நிரம்பாதவர் என்றால் 67பி பிரிவும் போக்சோ சட்டமும் சேரும்.

டைமர் வைத்திருப்பது குற்றமா என்று கேட்பவர்களுக்கு: குற்றமல்ல. நடந்த குற்றம் தெரிந்திருந்தும் குற்றவாளியைக் காப்பாற்ற ஆதாரத்தை அழிப்பதுதான் நியாய சன்ஹிதா 238-ன் கீழ் வரும்.

பணம் போயிருந்தால் 1930 என்ற எண்ணுக்கு உடனே அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்கு வங்கியில் பணத்தை முடக்க வாய்ப்பு அதிகம். மற்றப் புகார்களைத் தேசிய சைபர் கிரைம் இணையதளத்தில் பதியலாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் எதிரான குற்றங்களுக்கு அங்கே தனிப் பிரிவு இருக்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் சைபர் கிரைம் காவல் நிலையம் உண்டு. படம் இணையத்தில் பரவும் என்ற பயம் இருந்தால், 2021-லிருந்து இயங்கும் ஸ்டாப் என்சிஐஐ தளத்தில் 18 வயது கடந்தவர்கள் பதிவு செய்யலாம். படத்தை அங்கே ஏற்ற வேண்டியதில்லை. உங்கள் போனிலேயே படத்துக்கு ஓர் எண் அடையாளம் உருவாகி, அது மட்டும் அனுப்பப்படும். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்ற தளங்கள் அந்த அடையாளத்தை வைத்து, அதே படம் பதிவேற்றப்படும்போது தடுக்கும். 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு டேக் இட் டவுன் என்ற தனிச் சேவை இருக்கிறது. இரண்டுக்கும் கட்டணம் இல்லை.